அடைத்த வளைவு

வாடகைக்கு அறை கேட்டுப் போன என்னிடம் வீட்டுக்கார அக்கா ஒன்றும் விசாரிக்கவில்லை. எந்த ஊர், ஆருடைய மகள், கலியாணம் ஆகிவிட்டதா என்று எங்கள் பக்கத்தில் படலைக்குள் கால் வைக்கும் முன்னரே கேட்டு முடித்துவிடுகிற கேள்விகள் எதுவும் வரவில்லை. "கையைத் தாரும்" என்றார். கொடுத்தேன். உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். பிறகுதான், "அறை கிழக்குப் பக்கம் இருக்கு. கிணறு ரெண்டு வீட்டுக்கும் பொது. பூனை ஒண்டு வரும், கலைக்காதையும்" என்றார்.

நான் அப்போதுதான் உடுவிலிலிருந்து மாற்றலாகி, கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ரீச்சராக வந்திருந்தேன். அக்கா கையைப் பிடித்துப் பார்த்தபோது மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் வேறு அறை கிடைக்கவில்லை. ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், அக்கா கண் மூடும்வரை அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும், காதும் கேட்கும். இரண்டையும் அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். கையால் தொட்டால்தான் ஒன்று இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார். பருத்தித்துறையிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணை, எங்கள் படலைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா ஒவ்வொரு மீனாக எடுத்து, வயிற்றை அமத்தி, செவுளுக்குள் விரல் விட்டு, கண்ணைத் தடவி, திருப்பி வைப்பார்.

"மற்றவை கண்ணாலை பாத்துத்தான் வாங்கினம் அக்கா. நீங்கள் மீனைக் குளிப்பாட்டி எல்லோ விடுறியள்" என்று அண்ணை முணுமுணுப்பார்.

"உம்மடை மீன் நல்ல மீன்தான். அதை நீர் சொல்லக் குடாது, நான் சொல்லவேணும்."

அவருடைய கை எல்லா நேரமும் சரியாகச் சொன்னது என்றும் இல்லை. உள்ளங்கை காய்த்துப்போனவன் களவெடுக்கமாட்டான் என்று ஒருவனைக் கிணறு இறைக்க விட்டு, வாளியையும் கயிற்றையும் பறிகொடுத்தார். அடுப்பால் இறக்கிய சட்டியைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டதற்கு அளவில்லை. நான் சிரித்தால் கோபம் வரும். இரவுச் சாப்பாடு வரைக்கும் என்னோடு கதைக்கமாட்டார், கோபத்தோடேயே புட்டை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போடுவார்.

இவை சிரிக்கிற கதைகள். சிரிக்க ஏலாத கதை அவருடைய புருசனைப் பற்றியது.

சண்டைக்காலத்தில் ஒரு நாள் காலை புருசன் சைக்கிள் கரியரில் தேங்காய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொடிகாமச் சந்தைக்குப் புறப்பட்டார். வீட்டிலிருந்து கல்லுப்பாலம் கூப்பிடு தூரம். அப்போது பாலத்தின் மேல் ஆமியின் காவல் சென்றி இருந்தது. போகிறவர்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும். பின்னால் போனவர்கள் பாலத்துச் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக் கண்டார்கள். சாக்கு கட்டினது கட்டினபடி இருந்தது. ஆளைக் காணவில்லை. மத்தியானம் சைக்கிளையும் காணவில்லை. அந்தக் கிழமையே பாலத்தடிக்கு எவரும் வரக்கூடாது என்று முள்ளுக்கம்பி போட்டுவிட்டார்கள். வெகு காலத்துக்குப் பிறகு கம்பியை எடுத்தபோது, பாலத்தின் மூன்று வளைவுகளில் கிழக்குப் பக்கத்து வளைவு இரண்டு வாயிலும் கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

ஊரில் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. எவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "அடைச்ச வளைவு" என்பார்கள், அதையும் குரலை இறக்கிக்கொண்டுதான். அக்கா அதைக்கூடச் சொல்லமாட்டார். பாலத்தை அவர் "உது" என்றுதான் சொல்வார்.

புருசனைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பலர். எல்லோரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கேட்பார். நான் இருக்கும்போதே அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வந்து, வவுனியா பஸ் ஸ்ராண்டில் அத்தானைக் கண்டதாகச் சத்தியம் பண்ணினான்.

"கையைப் பிடிச்சுப் பாத்தனியோ?"

"இல்லையக்கா, பஸ் வெளிக்கிட்டிட்டுது. ஆனா அவர்தான். தலையெல்லாம் நரைச்சு..."

"அப்ப நீ காணேல்லை" என்று அக்கா வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செத்துப்போனார் என்று சொல்ல வந்தவர்களுக்கும் அதே கேள்விதான். விசாரணை என்று கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், இனி இருக்கமாட்டார் என்று மிகவும் பக்குவமாகச் சொன்னா. "உடம்பைத் தொட்டனியளோ?" என்று அக்கா கேட்டார். அந்த அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆளைச் செய்து, அதைச் சிதையில் வைத்து எரித்து, செய்யவேண்டியதெல்லாம் செய்து முடிப்பார்கள். நான் வருவதற்கு முன் ஒருமுறை, புருசனின் தம்பி ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து அதற்கு ஆயத்தம் செய்தாராம். அக்கா மறிக்கவில்லை. ஐயர் புல்லைக் கட்டி முடித்து, வேட்டித் துண்டு சுற்றி, வாழையிலையில் கிடத்தும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கிட்டப் போய் இருந்து அதன் கையைப் பிடித்தார். காலைப் பிடித்தார். "ஐயா, இது புல்லு" என்றார். ஐயர் சாமான்களைக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா பொட்டும் தாலியுமாகவே இருந்தார். நல்லநாள் பெருநாளுக்கு இவவை அழைப்பதா விடுவதா என்பது ஊர்ப் பெண்டுகளுக்குத் தீராத சங்கடம். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சனம் கெட்ட சனம்தான், நானும் அதற்குள் ஒருத்தி.

என் வீட்டிலும் ஒரு நாள் வந்தது. அப்பா போய்விட்டார் என்று உடுவிலிலிருந்து தம்பி ரெலிபோன் எடுத்தான். நான் நிலத்தில் இருந்து அழத் தொடங்கினேன்.

"நீர் இன்னும் தொடேல்லை. அழாதையும்" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சீலையை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழி முழுக்க என் கையை விடவில்லை. செத்தவீட்டில் சனம் விலகி வழிவிட, அக்கா எனக்கு முன்னால் போய், அப்பாவின் பாதங்களை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அது யார் என்று சொந்தக்காரர் குசுகுசுத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப அழும் பிள்ளை" என்றார். அவர் கண்ணில் இருந்தது இரக்கமா பொறாமையா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பொறாமைதான்.

பாலத்தைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. முருகைக்கல்லை அளவாக வெட்டி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பாலம். ஒல்லாந்தர் கட்டினது என்று ஊரில் ஒரு கட்சி, இல்லை, இங்கிலீசுக்காரன் வண்டிப் பாதைக்குக் கட்டினது என்று இன்னொரு கட்சி. மாரியில் வயல்களின் தண்ணீரைக் கடல்நீரேரிக்குக் கொண்டுபோகிற வெள்ளவாய்க்காலின் மேலே மூன்று வளைவோடு நிற்கிறது. ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஆப்பு வடிவில் ஒரு கல். அதுதான் இரண்டு பக்கத்துக் கற்களையும் நெருக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, மருந்துக்கும் இரும்பு கிடையாது. வெள்ளம் வருகிற பக்கத்தில் தூண்கள் வள்ளத்தின் அணியம் மாதிரிக் கூராக இருக்கும். தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து, தூணை உலுப்பாமல் போய்விடும். கிட்டப் போனால் கல்லுக்குள் சிப்பியும் பவளமும் பதிந்திருப்பது தெரியும். வலு வடிவான பாலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். கிழக்கு வளைவுப் பக்கம் மட்டும் கூட்டிப்போனதில்லை. அதை அடைத்த கற்கள் வேறு சாதிக் கற்கள். உடைந்த வீடுகளின் சுவர்த் துண்டுகளும் சீமெந்துக் கட்டிகளும் கலந்து, கண்டபடி அடுக்கிப் பூசியிருந்தது.

அக்கா ஒவ்வொரு காலையும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, அந்த அடைப்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். கும்பிடமாட்டார், அழமாட்டார். மாரியில் முழங்காலளவு தண்ணீரில் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பார். நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன், அதைத் தொட்டு என்ன தெரிகிறது என்று.

"கல்லுத் தெரியுது. கல்லுக்கு அங்காலை தெரியேல்லை" என்றார்.

ஒரு வளைவு அடைபட்டால் மிச்சம் இரண்டும் தண்ணீருக்குக் காணாது. மாரிக்கு மாரி வெள்ளம் முட்டி வயலுக்குள் ஏறியது. நெல் அழுகியது. லொறியும் பாலத்தால் போக ஏலாது. ஆகவே றோட்டு இலாகாக் கந்தோர்க்காரர் வந்து அளந்தார்கள், பழசை உடைத்துவிட்டுப் புதுசு போடப்போவதாகச் சொன்னார்கள். கமக்காரருக்குச் சந்தோசம். அவர்களில் நான் பிழை காணமாட்டேன், வயல் மூழ்கினால் அவர்கள் எதைத் தின்பது.

அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் தன் மாணவர்களோடு வந்து சேர்ந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நல்ல மனிசன், பாலத்தைக் கண்டதும் முகம் சின்னப்பிள்ளையின் முகமாகிவிடும். இப்படி முழுசாக நிற்கிற கல்வளைவுப் பாலம் குடாநாட்டில் வேறு எங்கே இருக்கிறது, இதை உடைப்பது பாவம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். காலையில் படமெடுக்க இறங்கியவர், வாய்க்காலுக்குள் கல்லில் கை வைத்தபடி நின்ற அக்காவைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டாராம். அந்தப் படம் பேப்பரில் வந்தது. பாலத்தை நேசிக்கும் தாய் என்று கீழே போட்டிருந்தார்கள். மரபின் அருமை படித்தவர்களைவிட இந்தப் பாமரப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரு பந்தி வேறு. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். மை விரலில் ஒட்டியது.

ஊர்ச்சனம் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல், அடைத்த வளைவுக்குள் ஆள் இருக்கிறதாக ஒரு நினைப்பு இருக்கிறது ஐயா என்று ஒரேயொரு சொல் அந்த மனிசனிடம் எவராவது சொல்லியிருக்கலாம். வெளியாட்களுக்கு முன்னால் அதைச் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டோம். சென்றி போய் எத்தனையோ வருடமாகியும் நாக்கு எழும்பவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் ஒரு சாட்டு வைத்திருந்தோம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். இஞ்சினியர் ஒரு பக்கம், விரிவுரையாளர் ஒரு பக்கம். கமக்காரர் சத்தம் போட்டார்கள். அக்கா கடைசி வாங்கிலிருந்து எழும்பினார். 

"தம்பி, உதை உடைச்சா, உடைச்ச கல்லும் மண்ணும் எங்கை போகும்?"

"அது பிரச்சினை இல்லை அம்மா. லொறியிலை ஏத்திக்கொண்டு போய்ப் புது றோட்டுக்கு அடியிலை கொட்டி நிரவிவிடுவம்" என்றார் இஞ்சினியர்.

"உடைக்கக் குடாது" என்றார் அக்கா. இருந்துவிட்டார்.

மாணவர்கள் கை தட்டினார்கள். விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ச்சனம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. அதுவரை கத்திக்கொண்டிருந்த கமக்காரர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. புதுப்பாலம் பக்கத்தில் தள்ளிப் போடுவது, வயல் தண்ணீருக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டுவது, பழசைப் பாதுகாப்பது என்று முடிவாயிற்று.

திறப்பு விழா மாதிரி ஒன்று வைத்தார்கள். பாலத்தின் வாயில் பாதுகாக்கப்பட்ட மரபுச்சின்னம், சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று பலகை நட்டார்கள். அக்காவைக் கொண்டு குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தினார்கள். அக்கா அதன் கரையை இரண்டு விரலால் உரசிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "நைலோன்" என்றார். பிறகு விரிவுரையாளரைக் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாம் முடிஞ்சுதெல்லே. இனி உந்த அடைப்பைத் திறப்பியளோ?"

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வளைவுகள் ஒன்றையொன்று முண்டு கொடுத்து நிற்பவை, இத்தனை வருடத்தில் பாலத்தின் பாரம் அந்த அடைப்பில் இறங்கிவிட்டது, அதை எடுத்தால் மூன்றும் விழும் என்றார். "அடைச்சதும் இப்ப பாலத்தின்ரை வரலாறுதான் அம்மா. அதிலை நாங்கள் கை வைக்கக் குடாது."

"உள்ளுக்கை?"

"உள்ளுக்கை ஒண்டும் இல்லையம்மா. வெறும் கல்லும் மண்ணும்."

"தொட்டுப் பாத்தனியளோ?"

விரிவுரையாளர் சிரித்தார். பகிடி என்று நினைத்துக்கொண்டார். அக்கா பொன்னாடையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் நான் விரிவுரையாளரைப் பாலத்துக்கு அங்கால் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாலத்துச் சுவரில் இருந்துவிட்டார். "ஏன் ரீச்சர் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.  அதற்குப் பிறகு அவர் ஓடித்திரிந்தது எனக்குத் தெரியும். இந்தக் கந்தோர் அந்தக் கந்தோரைக் காட்டியது, அது நீதிமன்றத்தைக் காட்டியது, சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். சாட்சி சொல்ல எங்கள் ஊரில் எவரும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் வந்து, அக்காவைப் பார்க்கத் துணிவில்லாமல் என்னைப் படலைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இப்ப அது சட்டத்துக்குள்ளை வந்திட்டுது ரீச்சர். நான் நினைச்சாலும் ஒரு கல்லை அசைக்கேலாது."

அக்கா உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பாலம் பேர் எடுத்துவிட்டது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து படமெடுத்தார்கள். புதுசாகக் கலியாணம் கட்டிய சோடிகள் பட்டும் நகையுமாக வந்து வாய்க்காலுக்குள் நின்று சிரித்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை அப்படி ஒரு சோடி வந்திருக்கிறது. நடு வளைவுக்குள் மாப்பிள்ளை பெண்ணின் இடுப்பைப் பிடித்தபடி நிற்க, கமராக்காரன் கிழக்குப் பக்கம் திரும்பியபோது, அங்கே அக்கா அலவாங்கோடு நின்றார். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்துக்குள்ளை வாறியள்" என்று அவன் சொன்னானாம். அக்கா தள்ளவில்லை. அலவாங்கைக் கல்லிடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். பலகையில் எழுதியிருந்ததை மாப்பிள்ளை வாசித்திருந்தான். படித்த பிள்ளை, பொறுப்பான பிள்ளை. பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தான். அவர்கள் வந்து அலவாங்கைப் பறிக்கும்போது ஒரு கல் மட்டும் கழன்றிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கல் இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழன்ற கல்லைப் பழைய முறைப்படி சாந்து குழைத்துத் திரும்ப வைத்துவிட்டார்கள். எது கழன்ற கல் என்று இப்போது எவராலும் சொல்ல முடியாது, அவ்வளவு திறமான வேலை. மரபுச்சின்னத்தைச் சேதப்படுத்தியதாக அக்கா மேல் வழக்கு. தவணை மேல் தவணை. அது முடிய முன்னம் ஒரு மாசிப் பனிக்குள் நெஞ்சுச் சளி பிடித்து அக்கா போய்விட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். புருசனை எடுத்தவர்கள் மேல் ஒரு வழக்கும் இருக்கவில்லை, தள்ளுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமை பொலிஸ் ஸ்ரேசனில் இருந்த கொஞ்ச நேரம்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா வாங்கில் நேராக இருந்தார். கையெல்லாம் சுண்ணாம்புத் தூள், ஒரு நகம் பிய்ந்து இரத்தம் காய்ந்திருந்தது. வாக்குமூலம் எழுதின பொடியன் தமிழ்ப் பொடியன்தான், வேறெந்த மாவட்டமோ, இந்த ஊர்க் கதை தெரியாதவன். மரியாதையாகத்தான் கேட்டான். பேர் கேட்டான், விலாசம் கேட்டான். அக்கா சொல்லச் சொல்ல எழுதினான்.

"அம்மாவின்ரை புருசன்ரை பேர்?"

அக்கா சொன்னார். நான் அந்த வீட்டில் இருந்த இத்தனை காலத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உயிரோடை இருக்கிறாரோ?"

"அதைப் பாக்கத்தான் தம்பி நான் கல்லை எடுத்தனான்" என்றார் அக்கா.